பின்லாந்தின் மிதிவெடி: பயந்தவனிடம் அறம் பேசலாமா?

ஒரு வாசகரின் கேள்வி: மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையிலிருந்து விலகப் பின்லாந்து நாடாளுமன்றம் 157க்கு 18 என்று வாக்களித்திருக்கிறது. உடனே மனித உரிமைக்காரர்கள் ஒப்பாரி வைக்கத் தொடங்கிவிட்டார்கள். ரஷ்யாவோடு 1,340 கிலோமீட்டர் எல்லை வைத்திருப்பவனுக்கு அறம் போதிக்க நாம் யார்? நாடே போய்விடும் என்ற நிலையில் ஒழுக்கம் பார்ப்பது வசதியானவர்களின் பொழுதுபோக்கு அல்லவா?

2025 ஜூன் 20

நாம் யார் என்று கேட்டதால் சொல்கிறேன். நான் நில அளவையாளன். இலங்கையின் வடக்கே பளைக்கும் முகமாலைக்கும் நடுவில் எங்கள் குடும்பத்துக்குத் தென்னங்காணி உண்டு. 2000இலிருந்து 2009 ஜனவரி வரை இராணுவம், புலிகள் என்ற இரு படைகளின் முன்னரங்கும் கிளாலி, முகமாலை, நாகர்கோவில் என்று அந்த வட்டாரத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கிடந்தது. (கன்னியாகுமரிக்காரர்கள் பதற வேண்டாம், இது வடமராட்சி கிழக்கு நாகர்கோவில்.) மிதிவெடி பற்றி வாய் திறக்க எனக்குக் கொஞ்சம் உரித்து இருக்கிறது.

முதலில் உடன்படிக்கை எதைத் தடுக்கிறது என்று பார்த்துவிடுவோம். 1997 டிசம்பரில் கையெழுத்தாகி 1999 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. ஆள் மிதித்தால் வெடிப்பதைச் செய்யக் கூடாது, வைக்கக் கூடாது, சேமிக்கக் கூடாது, விற்கக் கூடாது. கையிருப்பை நான்கு ஆண்டுகளில் அழிக்க வேண்டும், புதைத்ததைப் பத்து ஆண்டுகளில் எடுக்க வேண்டும். டாங்கிகளுக்கு எதிரான கண்ணிவெடிக்குத் தடை இல்லை. ஒருவர் மறைந்திருந்து, பார்த்து, பொத்தானை அழுத்தி வெடிக்க வைக்கும் கிளைமோருக்கும் தடை இல்லை. சாகப்போகிறவனின் காலே விசையை அழுத்துகிற ஏற்பாட்டுக்குத்தான் தடை.

பொழுதுபோக்கு என்கிறீர்கள். கம்போடியா, அங்கோலா, மொசாம்பிக் ஆகிய நாடுகளில் வயலுக்குப் போனவர்கள் கால் இழந்து வந்த பிறகுதான் இந்த உடன்படிக்கையே உருவானது. வசதியான ஒருவர் ஞாயிற்றுக்கிழமை சாய்மனைக் கதிரையில் சாய்ந்துகொண்டு எழுதியதல்ல. மொசாம்பிக் 2015இல்தான் நிலத்தைச் சுத்தமாக்கி முடித்தது.

பின்லாந்தின் பயம் பொய் என்று நான் சொல்லவில்லை. உக்ரைனில் நடப்பதைப் பார்த்த பிறகு அதைப் பொய் என்பவருக்குக் கண் இல்லை.

2025 ஜூன் 21

இந்தியா ஏன் கையெழுத்திடவில்லை என்று ஒரு சென்னை நண்பர் கேட்கிறார். அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பாகிஸ்தான் ஆகியவையும்தான் இல்லை. நீண்ட எல்லை, பகை அண்டை நாடு என்பது டெல்லியின் வாதம். 2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு பஞ்சாப், ராஜஸ்தான் எல்லை நெடுக விவசாய நிலங்களில் லட்சக்கணக்கில் வெடி புதைத்தார்கள். போர் வரவில்லை. வைத்தபோதும் எடுத்தபோதும் இந்தியச் சிப்பாய்களே செத்தார்கள், உழவர்கள் தங்கள் வயலுக்குள் போக முடியாமல் நின்றார்கள். எதிரி ஒருவன்கூட அவற்றை மிதிக்கவில்லை.

2025 ஜூன் 23

“பின்லாந்து ஒழுங்கான நாடு, எல்லாவற்றையும் வரைபடத்தில் குறித்துவைக்கும், போர் முடிந்ததும் எடுத்துவிடும்” என்று மூன்று பேர் மூன்று விதமாக எழுதியிருக்கிறார்கள். என் தொழிலில் கை வைத்துவிட்டீர்கள்.

வெடி புதைத்த இடத்தின் பதிவு என்பது ஒரு தொடக்கப் புள்ளி, ஒரு திசைக்கோணம், ஒரு தூரம். தொடக்கப் புள்ளியாக எதை எடுப்பார்கள்? நகராது என்று தோன்றுவதை. எங்கள் ஊரில் அது பனை, கிணற்றுக்கட்டு, மதகு, ரயில் பாதை மேடு. ஷெல்லடியில் பனை தலை இழக்கும், பிறகு அடியோடு சாயும். பங்கருக்குக் கூரை போட ஆள் வந்து பனையை அறுத்துப்போவான், ரயில் தண்டவாளத்தையும் பெயர்த்துப்போவான். மண் அணையை ஒரு பருவத்தில் இங்கே கட்டுவார்கள், அடுத்த பருவத்தில் நூறு யார் தள்ளிக் கட்டுவார்கள். பழைய அணைக்கு முன்னால் வைத்தது இப்போது புதிய அணைக்குப் பின்னால் கிடக்கும். அதன்மேல் இன்னொரு வரிசை வைப்பார்கள். பதிவேடு எழுதியவன் அடுத்த சண்டையில் செத்திருப்பான்.

வெடி அகற்றி முடித்த காணிகளில் எல்லை மீட்டுக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. கையில் காணி உறுதிப்பத்திரமும் பழைய நில அளவைப் படமும் இருக்கும். காணிக்குள் இறங்கினால் எல்லைக்கல் இருக்காது, வேலி இருக்காது, பூவரசும் இருக்காது. நூறு ஆண்டாக உழுத காணிக்கே இந்தக் கதி என்றால், இரவோடு இரவாகக் குனிந்தபடி வெடி வைத்துப்போனவனின் படத்துக்கு என்ன கதி என்று யோசியுங்கள்.

பின்லாந்துக்காரர்களிடம் செயற்கைக்கோள் இடங்காட்டி இருக்கிறது, நாங்கள் பனையை நம்பினோம் என்பது உண்மைதான். தங்கள் மண்ணில், தங்கள் படை, அமைதிக் காலத்துப் பயிற்சியோடு வைக்கும் முதல் வரிசை ஒழுங்காகவே இருக்கும். சண்டை தொடங்கிய மூன்றாம் மாதத்தில், பின்வாங்கும் அவசரத்தில் வைக்கப்படும் வரிசையைப் பற்றித்தான் பேசுகிறேன். எதிரி வைத்துவிட்டுப் போவது வேறு கணக்கு.

2025 ஜூன் 23, இரவு

பென்குவின் கதையைக் கேட்கிறார்கள், உண்மையே. 1982 போரில் பாக்லாந்துத் தீவுகளில் அர்ஜென்டினா வைத்த வெடிகள் பென்குவின் மிதித்து வெடிக்கவில்லை. எடை போதாது. மனிதன் போகாத இடமானதால் அவற்றுக்கு அங்கே அமோக வாழ்வு. பிரித்தானியா 2020 நவம்பரில்தான் சுத்தம் செய்து முடித்தது. மண்ணில் முழங்காலிட்டு எடுத்தவர்கள் பெரும்பாலும் சிம்பாப்வேக்காரர்கள். அர்ஜென்டினா வைத்தது, பிரித்தானியா காசு கொடுத்தது, சிம்பாப்வே எடுத்தது. லாபம் பென்குவினுக்கு.

2025 ஜூன் 26

“அறம் எல்லாம் இருக்கட்டும், மிதிவெடியால் இராணுவப் பயன் உண்டா?” நல்ல கேள்வி. இதில் என் பக்கத்து ஆட்கள் மழுப்புகிறார்கள். 1996இல் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆய்வு ஒன்று, மிதிவெடியின் இராணுவப் பயன் சொற்பம், மனிதர்களுக்கு அது செய்யும் கேடோ மிகப் பெரிது என்ற முடிவுக்கு வந்தது. அதையே இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் 2023 கோடையில் ஓரிகிவ் பக்கம் உக்ரைன் படை முன்னேற முடியாமல் திணறியதற்கு ரஷ்யா புதைத்த வெடிகள் முக்கியக் காரணம். பயன் இல்லை என்று அதன் பிறகும் சொல்வது பிடிவாதம்.

முகமாலையும் அதைத்தான் சொல்லும். 2006 அக்டோபரிலும் 2008 ஏப்ரலிலும் இலங்கை இராணுவம் அந்த வரிசையை உடைக்கப் பார்த்துப் பெருத்த இழப்போடு திரும்பியது. புலிகளின் வெடிகளுக்கும் ஷெல்லுக்கும் அதில் பங்கு உண்டு.

ஆனால் 2009 ஜனவரியில் அந்த வரிசை எப்படி விழுந்தது? யாரும் அதைக் கடந்து வரவில்லை. இராணுவம் வன்னிப் பக்கமாகச் சுற்றி வந்து பரந்தனையும் கிளிநொச்சியையும் பிடித்தது, முதுகுப் பக்கம் திறந்ததும் புலிகள் முகமாலையை விட்டுவிட்டுப் போனார்கள். ஒன்பது ஆண்டுகள் வேலை செய்த தடுப்பு ஒரு வாரத்தில் பொருளற்றுப் போயிற்று. வெடிகளுக்கு அது தெரியாது. இன்றும் அங்கே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே “பயன் இல்லை” என்ற வாதத்தை நான் தொடமாட்டேன். பயன் உண்டு, அது ஒரு காலத்துக்கு, ஒரு திசைக்கு. செலவுக்குக் காலமும் இல்லை, திசையும் இல்லை.

2025 ஜூன் 30

நேற்று உக்ரைன் அதிபர் விலகல் ஆணையில் கையெழுத்திட்டார். இதைப் பின்லாந்தோடு ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். உடன்படிக்கையின் 20ஆம் பிரிவைப் படியுங்கள். விலகல் அறிவித்து ஆறு மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். அந்த ஆறு மாத முடிவில் அந்த நாடு போரில் இருந்தால், போர் முடியும்வரை விலகல் செல்லாது.

எழுதியவர்களுக்கு மனிதனின் குணம் தெரிந்திருக்கிறது. பயம் உச்சத்தில் இருக்கும்போதே கதவைத் திறக்கச் சொல்வான், அப்போது திறக்காதபடி முன்கூட்டியே பூட்டிவைக்க வேண்டும் என்று கருதியிருக்கிறார்கள். உக்ரைன் ஏற்கெனவே போரில் இருக்கிறது, அந்தப் பிரிவின்படி அதற்கு வழி இல்லை. பின்லாந்தும் போலந்தும் எஸ்தோனியாவும் லாட்வியாவும் லித்துவேனியாவும் போர் வருமுன்னரே கதவைத் தாண்டுகின்றன. சட்டப்படி குற்றம் சொல்ல முடியாது. தேர்வுக்கு முதல் நாள் பள்ளியை விட்டு விலகுகிற கெட்டிக்காரத்தனம் இது.

பின்லாந்து 2012இல் உடன்படிக்கையில் சேர்ந்தபோது நேட்டோவில் இல்லை. தனியாக நின்றது. அப்போது 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வெடிகளை அழிக்கத் துணிந்தது. 2023இல் நேட்டோவில் சேர்ந்தது. முப்பது நாடுகள் துணைக்கு வந்த பிறகு மிதிவெடி வேண்டும் என்கிறது. “வேறு வழியில்லை” என்ற சொல்லை அதனால்தான் என்னால் அப்படியே விழுங்க முடியவில்லை. நோர்வேக்கும் ரஷ்யாவோடு எல்லை இருக்கிறது, சிறியது, 200 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அது விலகவில்லை. கட்டுப்பாடு தளர்ந்தால் உலகம் முழுக்கச் சண்டையிடும் குழுக்களுக்கு இது வசதியாகிவிடும் என்று அதன் வெளியுறவு அமைச்சர் வெளிப்படையாகவே சொன்னார்.

2025 ஜூலை 3

சித்தப்பாவிடம் கேட்டேன். அவருக்கு வலது பாதம் இல்லை. சமாதான காலத்தில் ஏ9 பாதை திறந்திருந்தபோது, தென்னங்காணியைப் பார்க்கப் போய் மிதித்தார். வைத்தது யார் என்று எவருக்கும் தெரியாது. பாகிஸ்தானிலும் சீனாவிலும் செய்தவை ஒரு பக்கம், புலிகள் தாங்களே செய்த ஜொனி, ரங்கன் என்ற மிதிவெடிகள் மறுபக்கம். அந்தக் காணியில் எல்லாமே இருந்தன. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர்க் கால் பொருத்தினார். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாரி காலத்தில் ஈரத்துக்கு முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்துவிடும். கொச்சிக்காய்த் தூள் கொட்டியதுபோல் எரிகிறது என்பார்.

இவர் எப்படியும் என் பக்கம் நிற்பார் என்று எண்ணிக் கேட்டேன். வைக்கட்டும் என்றார். ரஷ்யா வந்தால் அந்தச் சனம் என்ன செய்யும் என்றார். 2000இல் இராணுவம் திரும்ப வந்துவிடக் கூடாது என்று எங்கள் ஊர்க்காரர்களே முன்னால் நின்று வெடி வைக்கச் சொன்னார்கள், அது உனக்குத் தெரியாதா என்று திருப்பிக் கேட்டார். பெட்டி சுமந்து கொடுத்தவர்களும் இருக்கிறார்கள் என்றார். அவர் சுமந்தாரா என்று நான் கேட்கவில்லை.

இரண்டு நாளாக இதை மனத்தில் போட்டு உருட்டுகிறேன். பாதிக்கப்பட்டவர்கள் எல்லோரும் தடையின் பக்கம் நிற்பார்கள் என்பது வெளியில் இருப்பவர்களின் நினைப்பு. உள்ளே இருப்பவனுக்கு இரண்டு பயமும் தெரியும்.

2025 ஜூலை 4

“அப்படியானால் உங்கள் சித்தப்பாவே உங்களைத் தோற்கடித்துவிட்டார்” என்கிறார் முதல் கேள்வியைக் கேட்டவர். இல்லை ஐயா. அவர் சம்மதித்தார், கால் அவருடையது. 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளை எதற்கும் சம்மதிக்கவில்லை. பின்லாந்து நாடாளுமன்றத்தில் கையுயர்த்திய 157 பேரும் இன்றைய வாக்காளருக்குப் பதில் சொல்பவர்கள். 2060இல் பழம் பொறுக்கக் காட்டுக்குள் போகிறவளுக்கு அங்கே வாக்கு இல்லை. நாட்டின் பாதுகாப்பு என்று சொல்லும்போது நாடு என்பதில் அவளும் அடக்கமா என்பதுதான் என் வழக்கு.

உலகளாவிய கணக்கு வைத்திருக்கிறார்கள். 2023இல் மிதிவெடியாலும் வெடிக்காமல் கிடந்த குண்டுகளாலும் மட்டும் 5,757 பேர் இறந்தோ காயப்பட்டோ இருக்கிறார்கள். அதில் பொதுமக்கள் 84 சதவீதம்.

2025 ஜூலை 9

வவுனியாவிலிருந்து ஒருவர் எழுதியிருப்பது என்னை நன்றாக உலுக்கிவிட்டது. “ஆள் பார்த்துப் பொத்தானை அழுத்தினால் அறம், மிதித்து வெடித்தால் அறமில்லை என்கிறீர்கள். கெப்பித்திகொல்லாவைப் பஸ்ஸை வெடிக்க வைத்தவன் பார்த்துத்தானே அழுத்தினான்?”

2006 ஜூனில் அந்தப் பஸ்ஸில் இறந்தவர்கள் 60க்கும் மேற்பட்ட சிங்களக் கிராமத்தவர். புலிகள் மீது குற்றம் சாட்டப்பட்டது, அவர்கள் மறுத்தார்கள். 2008 ஜனவரியில் மடுப் பகுதியில் பள்ளி மாணவர்கள் வந்த பஸ் கிளைமோரில் சிதறியது. இராணுவத்தின் ஆழ ஊடுருவும் அணி மீது குற்றம் சாட்டப்பட்டது, அவர்களும் மறுத்தார்கள். இரண்டிலும் யாரோ ஒருவன் வீதியோரப் பற்றைக்குள் கிடந்து, பஸ் வருவதைக் கண்ணால் கண்டு அழுத்தியிருக்கிறான்.

மனிதக் கண் இருந்தால் மனச்சாட்சியும் கூடவே இருக்கும் என்று உடன்படிக்கை உறுதி தரவில்லை, நானும் தரமாட்டேன். ஆனால் அந்த இரண்டு பஸ்களுக்கும் ஒரு குற்றவாளி உண்டு. பெயர் தெரியாவிட்டாலும் உண்டு. மறுக்க வேண்டிய தேவை வந்ததே அதனால்தான். சித்தப்பாவின் காலுக்குக் குற்றவாளி கிடையாது. யாரும் மறுக்கவில்லை, ஏனென்றால் யாரையும் யாரும் கேட்கவில்லை. தடை பிடித்திருப்பது இந்த இடத்தை.

இது வவுனியாக்காரருக்குப் போதாது. எனக்கும் முழுதாகப் போதவில்லை.

2025 ஜூலை 10

பின்லாந்து இன்று முறைப்படி அறிவித்துவிட்டது. ஆறு மாதம் ஓடத் தொடங்குகிறது.

2025 ஆகஸ்ட் 17

“இப்போதெல்லாம் அறிவுள்ள வெடிகள் வந்துவிட்டன, மின்கலம் தீர்ந்ததும் தானாகச் செத்துவிடும்” என்கிறவருக்கு: அமெரிக்கா 2024 நவம்பரில் உக்ரைனுக்குத் தர ஒப்புக்கொண்டவை அந்த வகைதான் என்று சொன்னார்கள். நான்கு மணி நேரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் செயலிழக்கும் என்றார்கள். நல்லது. செயலிழந்ததையும் செயலிழக்காததையும் நிலத்துக்கு மேலே நின்று எப்படிப் பிரித்துச் சொல்வீர்கள்?

முகமாலையில் வெடி எடுப்பதைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் பெண்கள், பலர் போரில் கணவனை இழந்தவர்கள். ஒரு மீட்டர் அகலப் பாதை, இருபக்கமும் தடி நட்டிருக்கும். உலோகங்காட்டியை நம்ப முடியாது. வெடியில் உலோகம் சொற்பம், மண்ணிலோ சன்னமும் ஷெல் துண்டும் நிறைந்து கிடக்கும், கருவி ஓயாமல் அலறும். அதனால் வாரியால் மண்ணைச் சுரண்டுகிறார்கள். கனமான வாரி மண்ணை இளக்கும், மெல்லிய வாரி அதை இழுத்துப் பின்னால் சேர்க்கும். நேரே குத்தக் கூடாது, பக்கவாட்டில் சாய்த்து இழுக்க வேண்டும், வெடியின் விலாவில்தான் வாரி பட வேண்டும், தலையில் அல்ல. முகக்கவசத்துக்குள் வேர்வை வடியும். ஒரு பெண் அரை மணி நேரம் சுரண்டி எடுத்தது பாண்ட்ஸ் பவுடர் டின் மூடி. அதைக் கண்டதும் சிரித்தார், மூடியைப் பக்கத்தில் வைத்துவிட்டு மீண்டும் குனிந்தார்.

செத்த வெடிக்கும் இதே வேலை, இதே கூலி, இதே வேர்வை. உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று தெரியாத காணியில் எவனும் தென்னம்பிள்ளை நடமாட்டான்.

2025 ஆகஸ்ட் 19

கொரியா பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: வடகொரியாவின் மரப்பெட்டி வெடிகள் மழை வெள்ளத்தில் மிதந்து தெற்கே வந்து கரை ஒதுங்குகின்றன. எல்லைக் காவலுக்கு வைத்த பொருள் எல்லை தாண்டி வருகிறது. வேறென்ன சொல்ல?

2025 நவம்பர் 2

இந்தப் பக்கத்தை மூடிவிடலாம் என்றிருந்தேன். முதலில் கேட்டவர் விடவில்லை. “சரி, நீர் பின்லாந்து உறுப்பினராக இருந்தால் எப்படி வாக்களிப்பீர்?”

18 பேரோடு நின்றிருப்பேன். வீரத்தால் அல்ல. கணக்கு காட்டாத செலவுக்குக் கையொப்பமிடக் கூடாது என்று என் தொழில் பழக்கியிருக்கிறது. வைப்பவர் காசு வேறு, எடுப்பவர் காசு வேறு. பாதுகாப்புச் செலவில் வெடியின் விலை வரும். எடுப்பதற்கான செலவு எங்கே வரும்? எங்கள் பக்கம் அது நோர்வே, ஜப்பான், அமெரிக்கா என்று வெளிநாட்டு உதவியில் வருகிறது. 2025 ஜனவரியில் வாஷிங்டன் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது உலகின் பல இடங்களில் வெடி எடுப்போர் கருவிகளைக் கீழே வைக்க நேர்ந்தது. இலங்கை 2017இல் உடன்படிக்கையில் சேர்ந்தது, அகற்றி முடிக்கும் கெடு 2028 ஜூன். கெடு எங்களுடையது, காசு வேறொருவருடையது.

பின்லாந்து பணக்கார நாடு, தானே எடுத்துக்கொள்ளும் என்பீர்கள். எடுக்கட்டும். அதைச் சட்டத்தில் எழுதட்டும். ஒவ்வொரு வெடியையும் வாங்கும் அன்றே எடுக்கும் செலவையும் ஒதுக்கிவைக்க வேண்டும். மிதிப்பவருக்கு, அவர் எந்த நாட்டவராக இருந்தாலும், எந்த ஆண்டில் மிதித்தாலும், வாழ்நாள் முழுக்க இழப்பீடு என்று ஒரு வரி வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் 157 பேர் பக்கம் போய் நிற்பேனா? யோசிப்பேன். இல்லாமல் நிற்கமாட்டேன்.

2026 ஜனவரி 11

பின்லாந்தின் விலகல் நேற்று நடைமுறைக்கு வந்தது. பால்டிக் நாடுகள் மூன்றும் டிசம்பர் 27இலேயே வெளியேறிவிட்டன. போலந்துக்கு அடுத்த மாதம்.

இவற்றில் லித்துவேனியா கொத்துக்குண்டுத் தடையிலிருந்தும் 2025 மார்ச்சில் விலகியிருந்தது. அந்த உடன்படிக்கையை விட்டு வெளியேறிய முதல் நாடு அது. அப்போது “இது ஒன்று மட்டும்தானே” என்று இதே வாசகர்கள் சிலர் வேறோர் இடத்தில் எழுதியது எனக்கு நினைவிருக்கிறது. அடுத்து எது என்று பந்தயம் கட்டும் பழக்கம் எனக்கில்லை. இரசாயன ஆயுதத் தடையைப் பற்றி எவராவது “காலம் மாறிவிட்டது” என்று பேசத் தொடங்கினால் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

சித்தப்பாவை விசாரித்தவர்களுக்கு: நலமாக இருக்கிறார், காலை மாற்றியாயிற்று. பின்லாந்து பற்றித் தன் கருத்தை அவர் மாற்றவில்லை. என்னை எழுத்துக்காரன் என்று கேலி செய்கிறார். காணியில் மேற்குப் பக்கத்துத் துண்டு இன்னும் விடுவிக்கப்படவில்லை. கிழக்குப் பக்கம் விடுவித்தாயிற்று, பக்கத்துக் காணிக்காரர் வேலியை எங்கள் பக்கம் நகர்த்திப் போட்டிருக்கிறார். அதற்கு வழக்குப் போட வேண்டும். அந்தச் சண்டைக்கு உடன்படிக்கை எதுவும் கிடையாது.